22 டவர் காணாமப்போன மலை

டூர் போனா எதையாவது பார்க்கணும். கோயில், கோட்டை, அருவி, பீச்... ஏதோ ஒண்ணு. ஆனா, ஒரு பொருள் அங்கே 'இல்லை' என்பதைப் பார்க்கவே ஓர் இடத்துக்குப் போகலாம். அது இங்கிலாந்தின் தெற்கு ஓரத்தில், டோர்செட் மாவட்டத்தில் இருக்கிறது.

விண்டர்போர்ன் ஆபஸ் என்று அங்கே ஒரு குட்டி கிராமம். அங்கிருந்து கடல் பக்கமாக இறங்கினால், வேமத் என்ற கடற்கரை ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஃப்ரையர் வாடன். இந்த ரெண்டுக்கும் நடுவே 8.8 கிலோமீட்டர் தூரத்துக்கு, 1960-களில் இருந்து 22 ராட்சத கரன்ட் டவர்கள் மலை மேல் வரிசைகட்டி நின்றன. 2022-ல் அத்தனையையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஆனால், கரன்ட் நிற்கவில்லை. அதே 400 கிலோவோல்ட் மின்சாரம் இப்போது மண்ணுக்குள் ஓடுகிறது. மேலே புல் முளைத்திருக்கிறது.

"பள்ளம் தோண்டினான், கேபிளைப் போட்டான், மூடினான்... இதுல என்னப்பா கதை?" என்றுதானே கேட்கிறீங்க? இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது 2015-ல். டவர்கள் இறங்கியது 2022-ல். ஏழு வருஷம்! மண்வெட்டி மண்ணைத் தொடுவதற்கு முன்னாலேயே வருஷக்கணக்கில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'இங்கே தோண்டலாமா?' அந்தக் கேள்விக்குள்தான் முழுக்கதையும் இருக்கிறது.

முதல்ல ஊரைச் சுத்திடலாம்

டோர்செட் ஒரு சுண்ணாம்புக்கல் தேசம். மலை என்றால் நம்ம கொடைக்கானல் மாதிரி கற்பனை பண்ணாதீங்க. உருண்டையான, புல் போர்த்திய மேடுகள். மழைத் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். குளிர்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது மட்டும் ஓடை ஓடும். கோடையில் வறண்டு கிடக்கும். அந்த மாதிரி குளிர்கால ஓடைக்குப் பெயர்தான் 'விண்டர்போர்ன்'. கிராமத்தின் பெயரே அதுதான்.

கிராமத்தை ஒட்டி ஓடும் ஏ35 நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஒரு கல்வட்டம் இருக்கிறது. ஒன்பது கற்கள். லாரி பறக்கும் ரோட்டுக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வருஷமாக அமைதியாக உட்கார்ந்திருக்கிறது! அங்கிருந்து மேலே ஏறினால் 'தெற்கு டோர்செட் ரிட்ஜ்வே' என்ற மலை முகடு. வழி நெடுக வட்ட வட்டமான மண்மேடுகள். எல்லாமே பழங்கால மனிதர்களின் ஈமக்குழிகள். முகட்டில் நின்றால் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் ஆங்கிலக் கால்வாயும் செசில் கடற்கரையின் நீளமான கூழாங்கல் மேடும்.

பிளாக் டவுன் குன்றின் மேல் 1844-ல் கட்டிய ஹார்டி நினைவுத் தூண் நிற்கிறது. இங்கிலீஷ் லிட்டரேச்சர் மக்களே, அவசரப்படாதீங்க. இது நாவலாசிரியர் தாமஸ் ஹார்டிக்கு இல்லை. டிராஃபல்கர் போரில் நெல்சனின் கப்பலுக்கு கேப்டனாக இருந்த தாமஸ் ஹார்டிக்கு. நாவலாசிரியர் ஹார்டியும் இதே டோர்செட்காரர்தான். டோர்செஸ்டர் பக்கத்துக் கிராமத்தில் 1840-ல் பிறந்தவர். உங்க சிலபஸில் வரும் 'காஸ்டர்பிரிட்ஜ்' வேறு எதுவும் இல்லை, டோர்செஸ்டரேதான்.

அந்த நினைவுத் தூணின் உயரம் சுமார் 22 மீட்டர். 400 கிலோவோல்ட் டவர் ஒன்று சாதாரணமாக 50 மீட்டர் வாக்கில் இருக்கும். ஊரே அண்ணாந்து பார்க்கும் நினைவுச்சின்னத்தைவிட ரெண்டு மடங்குக்கும் மேல் உயரமான 22 இரும்பு அரக்கர்கள், கம்பியைக் கைகோத்தபடி அந்த ஈமமேடுகளைத் தாண்டிப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

இதில் வேடிக்கை என்னன்னா, டோர்செட்டை 'தனிச்சிறப்பான இயற்கை அழகுப் பகுதி' என்று 1959-லேயே அரசு அறிவித்துவிட்டது. டவர்கள் வந்தது அதற்கு அப்புறம்! போருக்குப் பிந்தைய இங்கிலாந்துக்கு அன்றைக்கு அழகைவிட கரன்ட்தான் அவசரமாகத் தேவைப்பட்டது.

கீன்ஸும் கிப்ளிங்கும் போட்ட சண்டை

டவர் வேண்டாம் என்ற சண்டை நேற்று முளைத்தது இல்லை. பிரிட்டனின் தேசிய மின் வலைப்பின்னலுக்கு முதல் டவரை நட்டது 1928-ல். அடுத்த வருஷமே, சஸ்ஸெக்ஸ் பகுதியின் சுண்ணாம்பு மேடுகளில் டவர் வருவதை எதிர்த்து டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் போனது. கையெழுத்துப் போட்டவர்களில் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கும், எகனாமிக்ஸ் ஸ்டூடன்ட்ஸ் மறக்க முடியாத ஜான் மேனார்ட் கீன்ஸும் உண்டு. அவ்வளவு பெரிய தலைகள் சொல்லியும் டவர் வந்தது.

ஆனால், எல்லா இடத்திலும் தோற்கவில்லை. பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் 1960-களில் ஒரு சூப்பர் யோசனை வந்தது. அந்தப் பூங்காவின் மலைக்கு அடியில் வுட்ஹெட் என்ற பழைய ரயில் சுரங்கம், விக்டோரியா ராணி காலத்தது, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்தில் சும்மா கிடந்தது. மலை மேல் டவர் நடாமல் கேபிளை அந்தச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். ரயில் போன வழியில் கரன்ட் போனது! அந்தச் சுரங்கம் பழசாகிவிட்டதால், பின்னாளில் பக்கத்திலேயே 1950-களில் கட்டிய புதிய ரயில் சுரங்கத்துக்கு கேபிளை மாற்றினார்கள்.

யார்கிட்ட எல்லாம் 'சரி' வாங்கணும்?

இப்போ டோர்செட்டுக்கு வருவோம். முதல் 'சரி' பணத்துக்கு. இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கப் பெரிய மின்கம்பிகளை வைத்திருக்கும் நிறுவனம் நேஷனல் கிரிட். அது எவ்வளவு செலவழிக்கலாம், அதில் எவ்வளவு மக்களின் கரன்ட் பில்லில் ஏற்றலாம் என்று முடிவு செய்வது ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை ஆணையம். பாதுகாக்கப்பட்ட அழகுப் பகுதிகளில் பழைய கம்பிகளை மறைப்பதற்கு என்றே, 2013 முதல் 2021 வரையிலான காலத்துக்கு 50 கோடி பவுண்டை ஆஃப்ஜெம் ஒதுக்கியது. 'இந்த அழகுக்காக பில்லில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பீங்களா?' என்று மக்களிடமே சர்வே எடுத்துத்தான் அந்தத் தொகையை முடிவு செய்தார்கள்.

ரெண்டாவது 'சரி' இடத்துக்கு. தேசியப் பூங்காக்களிலும் அழகுப் பகுதிகளிலும் ஓடிய நேஷனல் கிரிட் கம்பிகளின் மொத்த நீளம் 500 கிலோமீட்டருக்கும் மேல். 50 கோடி பவுண்ட் கேட்க பிரம்மாண்டமாக இருந்தாலும், அதில் ஒரு துளியைத்தான் மறைக்க முடியும். அப்போ எது? நிலக்காட்சி நிபுணர்கள் ஒவ்வொரு பகுதியாக நடந்து, எந்த டவர் கண்ணை அதிகம் உறுத்துகிறது என்று மார்க் போட்டார்கள். இயற்கை ஆர்வலர் கிறிஸ் பெய்ன்ஸ் தலைமையில் ஒரு ஆலோசனைக் குழு. அதில் பாரம்பரிய அமைப்புகள், கிராமப்புறப் பாதுகாப்பு இயக்கங்கள், அரசின் இயற்கை வளத் துறைகள் என்று எல்லாரும் இருந்தார்கள். 2015 செப்டம்பரில் நாலு இடங்கள் ஃபைனல்: டோர்செட், பீக் டிஸ்ட்ரிக்ட், வேல்ஸின் ஸ்னோடோனியா, நியூ ஃபாரஸ்ட்.

மூணாவது 'சரி' சட்டத்துக்கு. இங்கேதான் ட்விஸ்ட். அந்த ஊர்ச் சட்டப்படி, வானத்தில் புதிதாக ஒரு பெரிய மின்கம்பி இழுக்க மத்திய அரசின் அமைச்சர் வரை போய் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால், மண்ணுக்குள் கேபிள் புதைக்க மின் நிறுவனங்களுக்குப் பொதுவான அனுமதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 'அப்போ ஈஸிதானே?' இல்லை. சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு தேவைப்படும் அளவுக்கு வேலை பெரிதானால் அந்தச் சலுகை போச்சு. திட்ட அனுமதிக்கு உள்ளூர் கவுன்சில் வாசலுக்குப் போகணும். கேபிள் மண்ணுக்குள் இறங்கும் இடத்திலும், திரும்ப மேலே ஏறும் இடத்திலும் வேலி போட்ட ஒரு யார்டு கட்ட வேண்டும். மினி சப்-ஸ்டேஷன் மாதிரி இருக்கும். டவரை ஒழிக்கப் போய், அழகுப் பகுதியில் புதுசா ஒரு யார்டு! அதை எங்கே, எந்தப் பள்ளத்தில், எந்த மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பது என்பதே ஒரு தனிப் பஞ்சாயத்து.

இதற்கு மேல், வழியில் இருக்கும் ஒவ்வொரு நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். பதிவு செய்யப்பட்ட தொல்லியல் சின்னத்தைத் தொடுவதானால் அதற்குத் தனி ஒப்புதல். அரிய வௌவாலோ, பாதுகாக்கப்பட்ட வேறு உயிரோ அங்கே குடியிருந்தால் அதற்குத் தனி லைசென்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே 2000-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. எந்த அரசு அமைப்பும் இப்படிப்பட்ட பகுதியில் முடிவெடுக்கும்போது இயற்கை அழகைக் காப்பதையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது அது. 2023-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 'கணக்கில் எடுத்தேன்' என்று சொன்னால் போதாது; அழகைக் காக்கும் நோக்கத்தை முன்னெடுக்க முயல வேண்டும் என்று மாற்றினார்கள்.

மண்ணுக்குள்ள என்னதான் நடக்குது?

ட்ரிபிள்-இ பசங்க, இந்த ஏரியா உங்களுக்கு. டவரில் தொங்கும் கம்பி வெறும் கம்பி. அதற்குக் காற்றுதான் உறை, காற்றுதான் ஃபேன். ரெண்டும் ஃப்ரீ! மண்ணுக்குள் போனால் அந்த ரெண்டுக்கும் காசு கொடுக்கணும். கம்பியைச் சுற்றித் தடிமனான பிளாஸ்டிக் காப்பு. ஓடும் கரன்ட் கிளப்பும் சூடு வெளியேற, கேபிள்களைத் தள்ளித் தள்ளிப் பதிக்கணும். சுற்றிலும் சூட்டைக் கடத்தும் சிறப்பு மணல் கலவை போடணும். டவரில் ரெண்டு பக்கமும் தொங்கும் கம்பிகள் கொண்டுபோன அதே மின்சாரத்தைக் கொண்டுபோக, மண்ணுக்குள் 12 கேபிள்கள் வரை தேவைப்படலாம். அதனால், வேலை நடக்கும்போது தோண்டும் பட்டை ஒரு நாலு வழிச் சாலையைவிட அகலம்.

வேலை முடிந்த பிறகும் அந்தப் பட்டையின் மேல் ஆழமாக வேர் விடும் மரம் வைக்கக் கூடாது. கம்பி அறுந்தால் டவரில் பெரும்பாலும் சீக்கிரம் சரிசெய்துவிடலாம். கேபிளில் பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, வெட்டி, ஒட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகலாம்.

செலவு? இங்கிலாந்தில் 2012-ல் வெளியான ஒரு பொறியியல் ஆய்வுக் கணக்குப்படி, 400 கிலோவோல்ட் கம்பியை டவரில் கொண்டுபோனால் அதன் வாழ்நாள் செலவு கிலோமீட்டருக்கு 22 லட்சம் முதல் 42 லட்சம் பவுண்ட். மண்ணில் புதைத்தால் 1 கோடியே 2 லட்சம் முதல் 2 கோடியே 41 லட்சம் பவுண்ட். டோர்செட் திட்டத்துக்கு ஆனது சுமார் 11.6 கோடி பவுண்ட். 22 டவருக்கு வகுத்துப் பாருங்க. ஒரு டவரைக் காணாமல் போகச் செய்ய 50 லட்சம் பவுண்டுக்கு மேல்!

"இங்கே வேண்டாம்" என்று சொன்ன காடு

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், டவர் இறங்காத இடம்தான். 2015-ல் தேர்வான நாலில் ஒன்று நியூ ஃபாரஸ்ட். அங்கே ஹேல் கிராமத்துப் பக்கம் டவர்களை எடுக்கலாம் என்று நிபுணர்கள் ஆசையோடு ஆய்வில் இறங்கினார்கள். பணம் இருந்தது, விருப்பம் இருந்தது. ஆனால், அந்தக் காட்டின் உயிரே அதன் சதுப்பு நிலங்கள்தான். மண்ணுக்குள் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வருவதை நம்பி வாழும் அபூர்வமான ஈரநிலங்கள் அவை. குறுக்கே அகலமாகப் பள்ளம் தோண்டினால் அந்தத் தண்ணீரின் வழி மாறிப்போகலாம். மேலே கண்ணுக்கு அழகு கிடைக்கும். கீழே காடு தாகத்தில் செத்துப்போகும். கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். டவர்கள் நின்றன.

பாருங்க... கண்ணுக்கு உறுத்தும் டவர் மண்ணுக்கு உறுத்தாமல் இருக்கலாம். கண்ணுக்கே தெரியாத கேபிள் மண்ணைக் கொல்லலாம். டோர்செட்டில் 'சரி' சொன்ன அதே நடைமுறை, நியூ ஃபாரஸ்ட்டில் 'வேண்டாம்' சொன்னது. 'இத்தனை பேப்பர் எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். யாரைக் கேட்டாலும் 'சரி'ன்னே வரும் என்றால் அதுக்குப் பேர் அனுமதியா? வெறும் ரப்பர் ஸ்டாம்ப்!

கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அழகுக் கோட்டுக்கு வெளியே இருப்பவனுக்கு என்ன?

ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையத்துக்காக 57 கிலோமீட்டர் புதிய மின்வழிக்கு 2016-ல் அரசு ஒப்புதல் கொடுத்தது. அதில் மெண்டிப் மலை அழகுப் பகுதி வரும் 8.5 கிலோமீட்டர் மட்டும் மண்ணுக்குள். மீதி எல்லாம் டவர். காற்றாலைக் கரன்ட்டுக்காக நார்விச்சில் இருந்து டில்பரி வரை நேஷனல் கிரிட் முன்வைத்த திட்டத்திலும் இதே கதை. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்து புகழ்பெற்ற டெட்ஹம் வேல் பகுதியில் கேபிள். அதைத் தாண்டினால் பெரும்பாலும் டவர். "எங்க வயலை எந்த ஓவியரும் வரையலை, அதனால எங்களுக்கு டவரா?" என்பதுதான் கோட்டுக்கு வெளியே இருக்கும் கிராமங்களின் கோபம்.

அரசுக் கொள்கையிலேயே இது வெளிப்படையாக இருக்கிறது. புதிய மின்வழி என்றால் பொதுவாக டவர்தான் முதல் தேர்வு. பாதுகாக்கப்பட்ட அழகுப் பகுதி என்றால் மட்டும் அது தலைகீழாகி, மண்ணுக்குள் போவது முதல் தேர்வு ஆகிறது. வரைபடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, உங்கள் ஜன்னலில் டவர் தெரியும், அல்லது தெரியாது.

பில் கட்டுபவர்? மான்செஸ்டரின் ஒரு அடுக்குமாடியில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பில்டிங் சுவர் மட்டும் தெரியும் குடும்பமும் டோர்செட் அழகுக்குக் காசு கொடுக்கிறது. 'அவங்க ஏன் கொடுக்கணும்?' என்று கேட்டால், டோர்செட்காரர் கேட்பார்: "உங்க வீட்டு லைட் எரியறதுக்கு 50 வருஷமா எங்க மலை டவரைச் சுமந்துச்சே, அதுக்கு யார் காசு கொடுத்தாங்க?" ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் ஓட்டு டோர்செட்காரருக்கு. காரணம், அந்த மலை முகடு வேலி போட்ட எஸ்டேட் இல்லை. பொது நடைபாதை போகும் இடம். மான்செஸ்டர் பையனும் ஒரு நாள் பையை மாட்டிக்கொண்டு டிக்கெட் எதுவும் இல்லாமல் அங்கே நடக்கலாம். அந்தப் பாதை திறந்திருக்கும் வரைதான் இந்தச் செலவுக்கு நியாயம்.

இந்தியாவுக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அழியும் நிலையில் இருக்கும் கானமயில்கள் மின்கம்பியில் மோதி இறக்கின்றன. அவற்றின் வாழிடங்களில் கம்பிகளை மண்ணுக்குள் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சோலார் மின்சாரம் பெருமளவில் வருவதே அந்தப் பாலைவனத்தில் இருந்துதான். இவ்வளவு பெரிய பரப்பில் உயர் அழுத்தக் கம்பியைப் புதைக்க முடியாது என்றது மத்திய அரசு. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்தப் பொது உத்தரவைத் தளர்த்தி, எங்கே புதைப்பது என்று ஆராய நிபுணர் குழுவை அமைத்தது. அங்கே மலை அழகு, இங்கே பறவையின் உயிர். கேள்வி மட்டும் ஒன்றுதான்: எல்லா இடத்திலும் முடியாது, அப்போ எங்கே?

போறீங்களா?

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் வேமத் ரயில் ஏறினால் சுமார் மூணு மணி நேரத்துக்குள் டோர்செஸ்டர் சவுத். ஊரை ஒட்டியே மெய்டன் காஸில் என்ற பிரம்மாண்டமான இரும்புக் கால மலைக்கோட்டை. அதை முடித்துவிட்டு ரிட்ஜ்வே ஏறுங்க. நல்ல ஷூ முக்கியம், சுண்ணாம்பு மண் மழையில் வழுக்கும்.

மேலே போனதும் ஒரு சின்ன விளையாட்டு. கேபிள் எந்த வழியாப் போகுதுன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம். மரமே இல்லாத ஒரு பட்டை, வேலிச்செடி மட்டும் கொஞ்சம் இளசாத் தெரியும் ஓர் இடம், கடைசியில் மரங்களுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் யார்டு... கண்டுபிடிக்க முடியலையா? அப்போ வேலை ஒழுங்கா நடந்திருக்குன்னு அர்த்தம்!